பேழைக்கு முன்னால் போனவர்

"…மெழுகுதிரி பிடிச்சுக்கொண்டு முன்னால நான் போறன், தம்பி. மணியும் அடிக்கிறன். அதுக்கு மேல என்னட்ட ஒண்டும் கேக்கப்படாது. மேல போனாப் பிறகு என்ட வாயைத் திறக்கச் சொல்லப்படாது. இப்பவே சொல்லிப்போட்டன்."

லோரன்ஸ் அண்ணன் இதைச் சொன்னது கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவர் குடியிருக்கும் மாடிவீட்டுத் தொகுதியின் முதல் படியில் நின்றுகொண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை. பூசை முடிந்து நான் நேரே அங்கே வந்திருந்தேன். என் கழுத்தில் கயிறு கோத்த சின்னத் தோல்பை. பைக்குள் மூடி போட்ட பித்தளைச் சிமிழ். சிமிழுக்குள், ஆண்டவருடைய உடலாக நாங்கள் உட்கொள்கிற இரண்டு நற்கருணை அப்பங்கள்.

ஒன்று, நாலாம் மாடியில் படுக்கையில் கிடந்த அவருடைய மனைவி றீற்றா அக்காவுக்கு. மற்றது அவருக்கு. அவர் கேட்கவில்லை. நானாகத்தான் கொண்டுவந்தேன். அவர் வேண்டாம் என்றால் நானே அதை உட்கொண்டுவிட்டுப் போக வேண்டும்.

நான் குருவானவர் இல்லை. போன கிழமை இந்தப் பத்தியில் என் பள்ளிப் படிப்பு நின்றுபோன கதையை வாசித்தவர்களுக்கு அது தெரியும். துறைமுகத்தில் சாமான் விடுவிக்கும் வார்ஃப் கிளார்க்காக ஒரு ஆயுட்காலம் ஓடி முடித்தவன். எங்கள் கோயில் பங்கில் சுவாமியார் ஒருவர்தான், நோயாளிகளோ தெருவுக்குத் தெரு. ஆகவே என்னைப் போல ஐந்தாறு பேருக்குப் பயிற்சி தந்து, வீடு வீடாக நன்மை, அதாவது நற்கருணை, கொண்டுபோக அனுப்புகிறார்கள்.

அந்த மாடிவீடுகளில் ஒரு வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. நோயாளி வீட்டிலிருந்து ஒருவர் எரியும் மெழுகுதிரியோடு கீழே இறங்கி வருவார். நற்கருணைக்கு முன்னால் மணி அடித்துக்கொண்டு படியேறுவார். "ஆண்டவர் வாறார்" என்று வாசல்களில் சனம் எழுந்து நிற்கும். முன்னால் போகிறவர் கதைக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை றீற்றா அக்காவுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை. அதற்கு முன்னம் தானும் மனிசனும் ஒன்றாக நன்மை வாங்க வேண்டும் என்பது அவருடைய ஒரே வேண்டுகோள். மனிசனோ முப்பது வருஷத்துக்கு மேலாக நன்மை வாங்காத மனிசன்.

சாப்பாட்டு நேரத்தில் எழும்பி வருகிறவர்

லோரன்ஸ் அண்ணன் கோயிலுக்கு வராதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு ஞாயிறு தவறமாட்டார். பின் கதவோரம், தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். வெள்ளைச் சேட்டு, கை மடித்துவிடாமல். "தூயவர், தூயவர், தூயவர்" என்று சனம் பாடும்போது கண்ணை மூடிக்கொள்வார். நன்மைக்கு வரிசை எழும்பியதும் ஓசையில்லாமல் வெளியே போய்விடுவார்.

"எங்கட மனிசன் கலியாண வீட்டுக்குப் போய் மொய்யும் எழுதி, வாழ்த்தும் சொல்லி, பந்தி போடேக்க எழும்பி வாற ஆள்" என்பார் றீற்றா அக்கா.

அக்காவின் வாய் அப்படி. கட்டிலில் கிடந்தாலும் அந்த மாடி முழுவதையும் நடத்துகிறவர் அவர்தான். யார் வீட்டில் பருப்பு அடிப்பிடிக்கிறது என்று மணத்தை வைத்தே சொல்லுவார். அண்ணன் நேர்மாறு. அவர் உரத்துக் கதைத்து நான் கேட்டதில்லை. பஸ்ஸை நிறுத்தக்கூட கூப்பிடமாட்டார், கையைத்தான் காட்டுவார். ஒரு காலத்தில் கப்பலில் வேலை செய்தவர், அங்கே சத்தத்தில் காது போயிருக்கும், அதனால் மெல்லக் கதைக்கிறார் என்று நான் எனக்குள்ளேயே ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

விளக்கம் வைத்திருப்பது என் வியாதி. அதற்குத்தான் வருகிறேன்.

நான் கூட்டிச் சொன்ன ஒரு வசனம்

புதன்கிழமைகளில் பின்னேரம் எங்கள் அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி வேதம் வாசிக்கிற கூட்டம், றீற்றா அக்கா வீட்டில்தான் நடக்கும். கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர். வாசித்து விளக்குவது நான். பள்ளிக்கூடம் தராததை எல்லாம் பழைய புத்தகங்களைக் கிளறி நானே தேடிக்கொண்டவன் என்பதால், எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு.

அன்று வந்தது பழைய ஏற்பாட்டில் உசாவின் கதை. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டவருடைய உடன்படிக்கைப் பேழையை, பத்துக் கட்டளைக் கற்பலகைகள் வைத்த புனிதப் பெட்டியை, தாவீது அரசன் ஊருக்குக் கொண்டுவருகிறான். புது வண்டி ஒன்றில் ஏற்றி மாடு பூட்டியிருக்கிறார்கள். கூடப்பிறந்த இரண்டு பேர் வண்டியை நடத்துகிறார்கள். அகியோ முன்னால் போகிறான், உசா பேழையோடு போகிறான். ஆட்டம், பாட்டம், மேளம். வழியில் மாடு இடறுகிறது. பேழை சாய்கிறது. உசா கை நீட்டிப் பிடிக்கிறான். அந்த இடத்திலேயே செத்துப்போகிறான்.

"ஐயோ பாவம்! விழப்போனதைப் பிடிச்சவனுக்கா?" என்றார் எதிர்வீட்டு ஸ்டெல்லா.

"கடவுளுடைய தூய்மை விளையாட்டுச் சாமான் இல்ல, ஸ்டெல்லா" என்றேன் நான், கடவுளுடைய வீட்டுக்கு நானே சொந்தக்காரன் மாதிரி. "மோசே மலையில ஏறேக்க, அடிவாரத்தைக்கூடத் தொடாதீங்க எண்டு சனத்துக்குச் சொன்ன கடவுள். தொட்டவன் போனான். அவ்வளவுதான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். சனம் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நிறுத்த வராது. "கை வச்சவன் மட்டுமில்ல. பிடி எண்டு ஒருத்தன் பக்கத்தில நிண்டு சொல்லியிருந்தா, அவனுக்கும் அதே கதிதான்" என்று சேர்த்துவிட்டேன்.

வேதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. என் சொந்தச் சரக்கு.

குசினியில் ஒரு கிளாஸ் உடைந்தது. எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த லோரன்ஸ் அண்ணன் தட்டத்தை அப்படியே வைத்துவிட்டு, எங்களைத் தாண்டி, செருப்பும் போடாமல் வெளியே போனார். நாலு மாடியும் இறங்கிப் போகும் காலடிச் சத்தம் கேட்டது.

றீற்றா அக்கா மற்றவர்களைப் பார்த்து, "இண்டைக்குத் தேத்தண்ணி இல்லை. எல்லாரும் எழும்புங்க" என்றார். என்னைப் பார்த்து, "நீர் இரும்" என்றார். எப்போதும் "தம்பி" என்று கூப்பிடுகிறவர்.

வாயைப் பாவிக்கக் கூடாத வேலை

அண்ணன் துறைமுகத்தில் செய்தது, அக்கா சொல்லித்தான் அன்று எனக்குத் தெரியும், சைகை காட்டுகிற வேலை. கப்பலின் சாமான் குழிக்குள் என்ன நடக்கிறது என்று, பாரம் தூக்கும் வின்ச்சை ஓட்டுகிறவருக்குத் தெரியாது. குழியின் விளிம்பில் ஒருவர் நின்று கையால் காட்டுவார். தூக்கு, இறக்கு, நில், மெல்ல. அந்தக் கைதான் வின்ச்காரருக்குக் கண். அந்த வேலையில் வாயைப் பாவிக்கக் கூடாது. ஒருவர் கத்தினால் பத்துப் பேர் பத்து விதமாகச் செய்வார்கள். இன்னொரு சட்டம், தொங்குகிற சாமானில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. அது ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டும், விலகி நில்.

பீற்றர் என்று ஒரு கூட்டாளி. லோரன்ஸ் அண்ணனின் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். ஒருநாள் பெரிய மரப்பெட்டி ஒன்றைத் தூக்கும்போது காற்றுப் பிடித்து அது ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. பீற்றர் கிட்ட நின்றார். அண்ணன் கை காட்ட வேண்டிய இடத்தில் வாயைத் திறந்துவிட்டார்.

"பிடி எண்டு கத்திப்போட்டாராம்" என்றார் றீற்றா அக்கா. "பீற்றர் ரெண்டு கையையும் வச்சார். பெட்டிக்கும் இரும்புக்கும் இடையில…"

அக்கா போர்வையின் கரையை நீவிக்கொண்டிருந்தார்.

"விசாரிச்சவங்க, கயிறு கட்டினதில பிழை எண்டுதான் எழுதினாங்க. இந்த மனிசன் கேக்கேல்ல. வருஷா வருஷம் பெரிய கிழமையில பாவசங்கீர்த்தனம் செய்யிறவர். சுவாமிமார் எத்தனை பேர் மன்னிச்சிட்டாங்க. இவர்தான் மன்னிக்கேல்ல. ஒருத்தனைச் சாகடிச்ச வாயை ஆண்டவருக்கு முன்னால எப்பிடித் திறக்கிறது எண்டு கேக்கிறார். ரெண்டு கிழமையா நான் மெல்ல மெல்லக் கதைச்சு, ஞாயிற்றுக்கிழமை என்னோட நன்மை வாங்க ஓம் எண்டு சொல்ல வச்சிருந்தன். நீர் வந்து ஒரு வசனத்தில முடிச்சிட்டீர்."

வெள்ளவத்தையில் ஒரு தீர்ப்பு

மனம் குழம்பினால் நான் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போவேன். அங்கே என் சிநேகிதர் சிவராசா இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், தினமும் கோயிலுக்குப் போகிற சைவர். கடற்கரை ரயில் பாதையைப் பார்த்த மேல்மாடி வீடு. ரயில் போகும்போதெல்லாம் கதையை நிறுத்தி, போனபிறகு விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார்.

என் வேதக் கதைகளை அவருக்குச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். முன்பொரு முறை மோசேயின் எரிகிற முட்செடியைச் சொன்னேன். நிற்கிற இடம் புனித நிலம், செருப்பைக் கழற்று என்று கடவுள் சொன்னார் என்றதும், "செருப்பைக் கழட்டக் கடவுளே வாய் திறந்து சொல்ல வேண்டிக்கிடந்ததே? எங்கட ஆக்களுக்குக் கோயில் வீதியிலயே தெரியுமே" என்றார். "நீங்கள் இண்டைக்கும் சப்பாத்தோடதானே உள்ளுக்குப் போறியள்" என்று ஒரு குத்தும் குத்தினார்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. முழுக்கக் கேட்டார். ஒரு ரயில் போனது.

"பிலிப், நீர் கடவுளுக்கு அப்புக்காத்தா நிக்கப்போய், ஒரு மனிசனுக்கு எதிரா வழக்குப் பேசியிருக்கிறீர்" என்றார். "கடவுள் உம்மை அப்புக்காத்தா வச்சவரே?"

வைக்கவில்லைதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு என் பழைய வேலை ஞாபகம் வந்தது. கப்பலில் வருகிற சில பெட்டிகளில் படம் ஒட்டியிருப்பார்கள். தீச்சுவாலை, மண்டையோடு. நாங்கள் தள்ளி நின்று, முறைப்படி கடதாசி பார்த்து, முறைப்படி இறக்குவோம். அந்தப் பெட்டி எங்களோடு கோபமாக இருக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. உள்ளே இருப்பதன் வலு அப்படி. இது தெரிந்த நான், உசாவின் கதையைப் பொலிஸ்காரன் மாதிரி ஏன் சொன்னேன்?

வீட்டுக்கு வந்து பழைய ஏற்பாட்டை முன்னும் பின்னும் புரட்டினேன்.

முகத்துவாரத்து மணல்

வெள்ளிக்கிழமை காலை லோரன்ஸ் அண்ணனைக் கண்டுபிடித்தேன். முகத்துவாரத்தில், ஆறு கடலில் விழுகிற பக்கம், கரையில் கவிழ்த்துவைத்த வள்ளம் ஒன்றில் இருந்தார். ஆற்றுத் தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. வலை காயவைத்த மணம்.

"அண்ணன், நான் புதன்கிழமை கடைசியாச் சொன்னது வேதத்தில இல்ல. நான் கூட்டிச் சொன்னது."

அவர் ஆற்றைத்தான் பார்த்தார். "அப்ப என்ன இருக்கு?" என்றார். "கூட்டாம, குறைக்காமச் சொல்லு."

சொன்னேன். பேழையைச் செய்யச் சொன்ன கடவுள், அதை எப்படித் தூக்குவது என்றும் சொல்லியிருக்கிறார். நாலு பொன் வளையம். அதில் கோத்த இரண்டு தடி. தோளில் வைத்து ஆட்கள் தூக்க வேண்டும். தடிகளை வளையத்திலிருந்து எடுக்கவே கூடாது. பேழையைத் தொடவும் கூடாது.

அவர் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். குனிந்து ஒரு குச்சி எடுத்து மணலில் ஒரு பெட்டி கீறினார். நாலு வளையம் கீறினார். இரண்டு கோடு இழுத்தார்.

"கம்பைக் கழட்டவே கூடாதாமா?"

"கழட்டவே கூடாதாம்."

"இத எழுதினவன் சாமான் தூக்கின ஆள், தம்பி." குரலில் ஒரு சந்தோஷம். "ஆடாது. சாயாது. ஒருத்தன் இடறினாலும் மற்றத் தோள் தாங்கும். பிறகென்னத்துக்கு வண்டியில ஏத்தினாங்க?"

"எதிரிப் படை முந்தி ஒருக்காப் பேழையைப் பிடிச்சுக்கொண்டு போய், தாங்கேலாம வண்டியில ஏத்தித் திருப்பி அனுப்பினாங்க. அதைப் பாத்து இவங்களும் செய்திருப்பாங்க போல."

குச்சியால் பெட்டிக்குக் கீழே இரண்டு சில்லுக் கீறி, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப பிழை ஏத்தின இடத்தில நடந்திருக்கு" என்றார். "செத்தது மட்டும்தான் பாதையில."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கே அது ஆச்சரியம்.

"கடவுளுக்குக் கோபம் எண்டு எழுதியிருக்கா?"

"ஓம், அண்ணன். எழுதியிருக்கு."

"மறைக்காமச் சொன்னாய், நல்லது. எனக்குக் கோபம் விளங்கேல்ல, தம்பி. பாரம் எண்டா விளங்கும்."

எபிரேயர்கள் கடவுளுடைய மகிமைக்குச் சொல்லும் சொல்லுக்கு அடியில் பாரம் என்ற கருத்து இருக்கிறது என்று நான் எங்கேயோ வாசித்திருந்தேன். அந்த நேரத்தில் அதைச் சொல்லவில்லை. அவர் புத்தகமில்லாமல் வந்து சேர்ந்த இடத்துக்கு நான் புத்தகத்தோடு வந்து குறுக்கே நிற்பானேன்?

"முன்னால ஒருத்தன் போனான் எண்டியே."

"அகியோ. உசாவோட கூடப்பிறந்தவன்."

"அவன் என்ன ஆனான்?"

எனக்குத் தெரியும் என்று வாயெடுத்தேன். பிறகு கையோடு கொண்டுவந்த வேதப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடினேன். உசா செத்தது இருக்கிறது. தாவீதுக்குக் கோபம் வந்தது, பயம் வந்தது, எல்லாம் இருக்கிறது. அகியோ இல்லை.

"எழுதேல்ல, அண்ணன்."

"எழுதமாட்டாங்க" என்றார். "முன்னால போறவனுக்குப் பின்னால ஒரு சத்தம் மட்டும்தான் கேக்கும். சாகும்வரைக்கும் கேக்கும்."

வள்ளத்தில் இருந்து எழும்பும்போது எசாயா இறைவாக்கினர் கண்ட காட்சியையும் சொன்னேன். அசுத்த உதடு உள்ளவன் நான் என்று அவர் அழுதது, சுடர்விடும் தூதர் ஒருவர் பலிபீடத்து நெருப்புத் தணலை எடுத்து அந்த வாயில் வைத்தது, வாய் சுத்தமானது.

"தணலையா?" என்றார். "பொல்லாத வைத்தியம்." மணலில் கீறியதைக் காலால் அழிக்காமல், சுற்றி நடந்து வந்தார்.

றீற்றா அக்கா கேட்ட கேள்விகள்

சனிக்கிழமை, மறுநாள் எத்தனை மணிக்கு வருவது என்று கேட்கப் போனேன். அண்ணன் அக்காவின் தலைமாட்டில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். வள்ளத்தடியில் கதைத்தது எல்லாம் அக்காவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"தம்பி" என்றார். நான் மறுபடி தம்பியாகிவிட்டேன். "அந்த உசாவுக்கு 'பிடி' எண்டு ஆர் கத்தினது?"

"ஒருத்தரும் கத்தேல்ல, அக்கா."

"ஆனா அவன் கை வச்சானே?"

"வச்சான்."

அக்கா புருஷன் பக்கம் திரும்பவில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சாயிறதைக் கண்டா கை தானாப் போகும். பீற்றர் அண்ணை எப்பிடிப்பட்ட ஆள்! எங்கட கலியாணத்தில கேக் சாயுதெண்டு ஓடிப்போய்ப் பிடிச்சு, கோட்டு முழுக்க ஐசிங். அப்ப ஆர் கத்தினது?"

அண்ணன் தோடம்பழச் சுளையின் நாரை எடுத்துக்கொண்டேயிருந்தார். எடுக்க நார் இல்லாமல் போன பிறகும்.

"மற்றது, தம்பி, அவ்வளவும் நடந்த பிறகு அந்தப் பேழையை எங்க வச்சாங்க?"

"தாவீது பயந்துபோய், பக்கத்தில ஓபேது-ஏதோம் எண்ட ஒருத்தற்ற வீட்டில வைக்கச் சொன்னான். மூண்டு மாசம் அங்க இருந்தது."

"அந்தாளும் செத்தாரோ?"

"இல்ல, அக்கா. அவரும் அவற்ற வீட்டில இருந்த எல்லாரும் நல்லா இருந்தாங்களாம். ஆண்டவர் ஆசீர்வதிச்சாராம்."

"அதே பேழைதானே?"

"அதே பேழைதான்."

"நாளைக்கு இந்த வீட்டுக்கும் வருது" என்றார் அக்கா. "மேசைத்துணி தோய்ச்சு வச்சிருக்கு. நான் வேற ஒண்டும் சொல்லேல்ல."

அண்ணன் சுளையை அவர் வாயில் வைத்தார். "மெழுகுதிரியோட நான் கீழ வாறன்" என்று என்னிடம் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

நாலு மாடி

அப்படித்தான் அந்த ஞாயிறு காலை முதல் படிக்கு வந்து சேர்ந்தோம். வாயைத் திறக்கச் சொல்லப்படாது என்று அவர் சொல்லி முடித்ததும், நான் "சரி, அண்ணன். கேக்கமாட்டன்" என்றேன். அவர் மணியை ஒருமுறை ஆட்டினார். திரும்பிப் படியேறத் தொடங்கினார்.

முதல் மாடியில் ஒரு சிறுமி ஈரத் தலையோடு வாசலில் முழங்காலில் நின்றாள். இரண்டாம் மாடியில் சோமா அக்கா, பன்சலைக்கு, பௌத்தக் கோயிலுக்கு, போகிற சிங்களப் பெண், ரீவியை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்து, "சத்த நெத்துவ இன்ன!" என்று பிள்ளைகளை அதட்டினார், சத்தம் போடாதீங்க என்று. அந்த அதட்டல்தான் அந்த மாடியிலேயே பெரிய சத்தம். வேறு நாளென்றால் சிரித்திருப்பேன்.

எனக்கு இடது முழங்கால் சரியில்லை. இரண்டு மாடிக்கு மேல் அது என் சொல் கேட்காது. அன்று இரண்டு கையையும் நெஞ்சில் பையின் மேல் பொத்திவைத்திருந்ததால், கைப்பிடிக் கம்பியையும் பிடிக்கவில்லை. மூன்றாம் மாடித் திருப்பத்தில் யாரோ வாளித் தண்ணீர் சிந்தியிருந்தார்கள்.

கால் போனது. உடம்பு பின்பக்கம் சரிந்தது. வெட்கக்கேடு, அப்போதும் என் இரண்டு கையும் பையை விடவில்லை.

என் வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்திருக்க வேண்டும்.

முன்னால் போனவர் திரும்பினார்.

"பிடி!"

அது மனிதக் குரல் மாதிரியே இல்லை. கப்பல் குழிக்குள் கேட்க வேண்டிய குரல். படிக்கட்டு முழுவதும் இடித்துக்கொண்டு இறங்கியது. "கம்பியைப் பிடியடா, பிலிப்!"

பிடித்தேன். எப்போது கை போனது என்று தெரியாது. நான் கம்பியில் தொங்கி நிமிரும்போது அவர் மூன்று படி இறங்கி வந்துவிட்டிருந்தார். மெழுகுதிரி அணைந்து உருண்டு போய்க்கொண்டிருந்தது. அவருடைய வலது கை என் நெஞ்சில், பையின் மேல், அப்பிக்கொண்டு நின்றது.

இருவரும் அந்தக் கையைப் பார்த்தோம். பெரிய கை. உள்ளங்கைக்குக் கீழே சிமிழ், அதற்குக் கீழே என் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

கீழே கதவுகள் திறந்தன. எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்படியே இருந்தது.

மேலேயிருந்து றீற்றா அக்காவின் குரல் வந்தது. "ஆர் அது கத்தினது? எங்கட மனிசனா?"

அண்ணன் கையை எடுத்தார். அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் போய் அதே கையை என் முதுகில் வைத்து, மிச்சப் படிகளை ஏற்றினார். மணி மட்டும் மற்றக் கையில் கிணுகிணுத்துக்கொண்டு வந்தது.

வீட்டுக்குள் நல்ல காலை வெளிச்சம். தோய்த்த மேசைத்துணியில் நீலம் போட்ட மணம். ஸ்டெல்லா ஓடிவந்து வேறு திரி கொளுத்தி வைத்தார். நான் செபம் சொன்னேன். சிமிழைத் திறந்து றீற்றா அக்காவுக்கு நன்மை கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். புருஷன் நிற்கும் பக்கம் அவர் பார்க்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வருமென்று எனக்கு அன்றுதான் தெரியும்.

சிமிழில் ஒன்று மிச்சம் இருந்தது.

கேட்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. மூடியை மூடவும் இல்லை.

லோரன்ஸ் அண்ணன் மணியைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். சேட்டின் கைப் பொத்தானைச் சரிபார்த்தார். கட்டில் விளிம்பைப் பிடித்து, ஒரு காலாக, மறு காலாக, முழங்காலில் இறங்கினார். அக்காவின் கை கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் முகத்தை நிமிர்த்தி, தணலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரிக் கண்ணை இறுக்கிக்கொண்டு, வாயைத் திறந்தார்.